பொருள்வயிற் பிரிவு: பர்மாவில் நகரத்தார் கண்ட வாழ்வும் இழப்பும்

பழந்தமிழ் அகத்திணை மரபில் பிரிவு பலவகைப்படும். ஓதற்குப் பிரிதல், தூதிற்குப் பிரிதல், பகைமேற் செல்லுதல் எனப் பல இருப்பினும், சங்கப் பாடல்களில் பெரிதும் பேசப்படுவது பொருள்வயிற் பிரிவே. பொருள் தேடச் சென்றவனை எண்ணி ஏங்கும் தலைவியின் துயரைப் புலவர்கள் நுணுகி நுணுகிப் பாடினர். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியப் பொருளதிகார நூற்பா ஒன்றற்குப் பொருள் கொள்வாரும் உளர். ஆயின், பிரிந்தவன் சென்ற நாட்டில் யாங்ஙனம் வாழ்ந்தான், அந்நாட்டார் அவனை எவ்வாறு நோக்கினர், அவன் ஈட்டிய பொருள் அவனுக்கு நிலைத்ததா என்னும் வினாக்களை அகப்பாடல்கள் எழுப்புவதில்லை. அவற்றிற்கு விடை தேட வரலாற்றினிடமே செல்லுதல் வேண்டும்.

அயல்நாட்டு வாழ்வின் ஆக்கத்தைப் பேசுதல் எளிது. ஊருக்கு அனுப்பிய பணம், எழுப்பிய மாளிகை, கட்டிய கோயில் ஆகியவை கண்முன் நிற்கின்றன. அவ்வாழ்வின் கேடுகளோ எளிதிற் புலப்படுவன அல்ல. அவற்றைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒருங்கே காண வேண்டுமாயின், பர்மா சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாற்றை நோக்குதல் தகும். 1826 முதல் 1964 வரை, ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளில், அயல்நாட்டு வாழ்வு தரக்கூடிய செல்வம் அனைத்தையும் அவர்கள் கண்டனர். அவ்வாழ்வு பறிக்கக்கூடியவற்றையும் கண்டனர்.

சென்ற வழி

1826ஆம் ஆண்டில் முதலாம் ஆங்கிலேய–பர்மியப் போர் முடிவுற்றபோது அரக்கானும் தெனாசெரிமும் ஆங்கிலேயர் வசமாயின. இந்தியப் படைகளையும் தொழிலாளரையும் பின்தொடர்ந்து நகரத்தார் மௌல்மேன் பட்டினத்தில் கால் வைத்தனர். 1852ஆம் ஆண்டுப் போரின் பின் கீழ்ப்பர்மா முழுவதும் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் ஐரோப்பியச் சந்தையில் பர்மிய அரிசிக்கு இருந்த தேவை பன்மடங்கு பெருகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலம் வயலாக மாறலாயிற்று. 1855ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவில் நெல் விளைந்த நிலம் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களின் இடையில் அது எண்பது இலட்சம் ஏக்கரையும் தாண்டி நின்றது.

காட்டை அழித்து வயலாக்கப் பர்மிய உழவனிடம் உடல்வலிமை இருந்தது. மாடு வாங்கவும், விதை வாங்கவும், ஆட்களுக்குக் கூலி தரவும், அறுவடை வரை உண்ணவும் கைப்பொருள் இல்லை. ஆங்கில வங்கிகள் பெருவணிகருக்கும் ஆலை முதலாளிகளுக்குமே கடன் தந்தன. சேற்று வயலை ஈடாகக் கொண்டு உழவனுக்குக் கொடுக்க அவை முன்வரவில்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் நுழைந்தனர். ரங்கூனில் மொகல் தெரு அவர்களின் தலைமையிடமாயிற்று. அங்கே நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை உறுதி செய்தனர். அத்தெருவில் முடிவான வட்டி, கழிமுகத்துச் சிற்றூர்க் கடைகளின் பேரேடுகள் வரை சென்றது. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் புழங்கியது என்றும் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு கணக்கிட்டது. செட்டியார் முதல் இன்றேல் பர்மாவின் நெல் வளம் அத்துணை விரைவில் பெருகியிராது என்பதை அக்கால ஆட்சியாளரே ஒப்புக்கொண்டனர்.

மூவாண்டுக் கணக்கு

இத்துணைப் பெரிய தொழிலை நடத்தியவர்கள் அந்நாட்டில் குடியேறியவர்கள் அல்லர் என்பது கருதத்தக்கது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். கடையை நடத்தியவர் அவருடைய ஏஜெண்டு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு அவர் கப்பல் ஏறுவார். தவணை மூன்று ஆண்டு. அதன் முடிவில் ஐந்தொகை எடுத்து, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவார்; சில காலம் தங்கியபின் மீண்டும் செல்வார். அவருக்குத் துணையாக அடுத்தாள் ஒருவரும், தொழில் பழகும் பெட்டியடிப் பையனும் இருப்பர். மீசை அரும்பாத அகவையிலேயே பையன்கள் இவ்வாறு அனுப்பப்பட்டனர். பகலில் பணப்பெட்டி இருந்த கூடமே இரவில் படுக்கும் இடமாயிற்று.

நெடுங்காலம் மகளிரைக் கடல்கடந்து அழைத்துச் செல்லும் வழக்கம் இவர்களிடம் இல்லை. இலக்கண நூல் கூறியதாகச் சொல்லப்படும் பழைய மரபை இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்து காட்டிய சமூகம் இது எனலாம். இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணமாகிச் சின்னாளில் கணவன் பிரிவான். மகன் பிறந்த செய்தி கடிதத்தில் வரும். தவழும் பருவத்தையும் மழலைப் பருவத்தையும் காணாத தந்தை, நடந்து வந்து நிற்கும் பிள்ளையை முதன்முறையாகக் காண்பான். பெற்றோர் இறந்த செய்தி சேரும்போது ஈமக்கடன் முடிந்திருக்கும். இத்தகைய மூன்று தவணைகள் சென்றால் ஒருவனுடைய இளமையில் ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய செட்டிநாட்டு மாளிகைகளை இன்றும் காண்பவர் வியக்கின்றனர். அவற்றைக் கட்டப் பொருள் தந்தவர்கள் அவற்றில் வாழ்ந்த நாள்கள் மிகக் குறைவு. அவ்வீடுகளின் வரவு செலவும், நிலமும், உறவினர் வழக்குகளும், திருமணப் பேச்சும் பெண்டிர் தலைமேல் விழுந்தன. அவர்கள் அவற்றைத் திறம்பட நடத்தினர் என்பது பெருமையே. எனினும் அப்பெருமைக்குக் கொடுக்கப்பட்ட விலை ஒரு கணக்கிலும் எழுதப்படவில்லை.

வேண்டாத நிலமும் வளர்ந்த பகையும்

மூவாண்டு முறை குடும்பத்தை மட்டும் பாதிக்கவில்லை. சென்ற நாட்டோடு உறவு கொள்ளவும் அது இடந்தரவில்லை. ஏஜெண்டு, கடன் வாங்க வருபவனோடு பேசும் அளவுக்குப் பர்மிய மொழி கற்றார். அதற்குமேல் கற்கத் தேவை ஏற்படவில்லை. உணவும் வழிபாடும் நட்பும் தம்மவரோடே அமைந்தன. பர்மியக் குடியானவனுக்கு அவர் பணம் தருபவராகவும் பணம் கேட்பவராகவும் மட்டுமே தெரிந்தார். அண்டை வீட்டாராகவோ, திருவிழாவில் உடனிருப்பவராகவோ, துன்பத்தில் பங்கு கொள்பவராகவோ தெரியவில்லை. நல்ல காலத்தில் இந்த இடைவெளி துன்பம் தரவில்லை. கெட்ட காலம் வந்தபோது இதுவே பெரும்பகையாக முற்றியது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையைப் பாதிக்கும் கீழே தள்ளியது. வாங்கிய கடன் அப்படியே நின்றது. அதைத் தீர்க்க வேண்டிய நெல்லுக்கு விலை இல்லை. உழவன் வட்டியும் கட்ட இயலாதவனானான். கடை நடத்தியவருக்கோ நிலம் வேண்டியதில்லை. புழங்கும் பணமே அவர் தொழிலுக்கு உயிர். ஊருக்குச் செட்டிநாட்டிலிருந்து கேட்ட உண்டியலுக்கு நெல்வயலை அனுப்ப முடியாது. ஆயினும் ஈடாகப் பிடித்திருந்த நிலத்தை ஏற்பதன்றி வேறு வழி இல்லாமற் போயிற்று. 1930இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938ஆம் ஆண்டளவில் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 24 இலட்சம்.

இவ்விடத்தில் பர்மியரின் நிலையையும் நடுவுநிலையோடு நோக்குதல் கடன். தந்தை காடு திருத்திய வயலில் மகன் குத்தகைக்காரனாக நின்றான். நிலத்தின் உரிமையாளர் வேறு மொழி பேசினார். வேறு கடவுளை வணங்கினார். மூன்று ஆண்டில் ஆளும் மாறினார். விலை வீழ்ச்சியின் காரணம் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தது. அது உழவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர் கடைக்காரர். இந்தியரைக் குறிக்கப் பர்மியர் வழங்கிய ‘கலா’ என்னும் சொல் இழிவுப் பொருளோடு ஒலித்தது இக்காலத்திலேதான் மிகுதி.

1930ஆம் ஆண்டு மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் மூண்ட பூசல் பெருங்கலவரமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. ஆட்சியாளரோடு இந்தியரும் தாக்கப்பட்டனர். 1938இல் மீண்டும் கலவரம். வட்டிக்கடையோடு ஒரு தொடர்பும் இல்லாத மூட்டை தூக்குவோரும், வண்டி இழுப்போரும், சிறு கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகருமே இவற்றில் மிகுதியாக உயிரிழந்தனர். அயல்நாட்டில் ஒருவர் செய்ததன் பழியை அவரைப் போல் தோற்றமளிக்கும் அனைவரும் சுமக்க நேர்கிறது. செல்வம் ஒரு சிலர்க்கும் பகை அனைவர்க்கும் பங்கிடப்படுகிறது.

நடந்தே சென்ற மக்கள்

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அதுவரை அவர்கள் சென்றது ஒரே பேரரசின் ஒரு மாகாணத்திற்கு. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. அன்று எவரும் இடம்பெயரவில்லை. எல்லை வந்து அவர்களைக் கடந்து சென்றது. முன்னாள் மாலை உள்நாட்டில் உறங்கியவர்கள் மறுநாட் காலை வெளிநாட்டில் விழித்தனர். 1941இல் ஏற்பட்ட இந்திய–பர்மியக் குடிவரவு உடன்பாடு போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் ரங்கூன்மேல் குண்டு வீசின. 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. வசதியுடையோர் கப்பலில் இடம் பெற்றனர். கடல்வழி அடைபட்டபின் எஞ்சியோர் நடந்தனர். தாங்கப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்கௌங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் மக்கள் சாரிசாரியாகச் சென்றனர். ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் இவ்வாறு வெளியேறினர். காலராவும் மலைக்காய்ச்சலும் பசியும் பல்லாயிரவரை வழியிலேயே மாய்த்தன. ஐரோப்பியருக்கு ஒரு பாதையும் இந்தியருக்கு ஒரு பாதையும் ஒதுக்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டு அப்போதே இந்தியாவில் எழுந்தது. நூறாண்டுக் காலம் பேரரசின் கொடியைத் தம் காவலாக நம்பியவர்கள், அக்கொடி முதலில் தன் மக்களையே காக்கும் என்பதைக் காட்டுவழியில் கண்டறிந்தனர்.

சட்டம் பறித்த செல்வம்

போர் முடிந்தபின் பலர் திரும்பிச் சென்றனர். 1948ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் நிறைவேறியது. உள்நாட்டுக் கிளர்ச்சியால் தடைப்பட்ட அப்பணி 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் தொடங்கப்பட்டது. 24 இலட்சம் ஏக்கரின் பத்திரங்கள் பெட்டிகளில் இருந்தன; வயல்கள் கைவிட்டுப் போயின.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு மே 17ஆம் நாள் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. வெளியேறுவோர் எடுத்துச் செல்லும் பணத்திற்கும் நகைக்கும் கடுமையான வரம்பு கட்டினர். கப்பல் கப்பலாக இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தனர்.

வந்தவர்களில் நகரத்தார் சிறுபான்மையர். பெரும்பாலோர் உழைப்பாளரும் சிறு வணிகரும் ஆவர். பர்மாவிலே பிறந்து, பர்மிய மொழியில் கற்று, தமிழ்நாட்டை ஒருமுறையேனும் கண்டிராதவர்கள் அவர்களுள் பலர். நகரத்தாருக்கு ஊரில் மாளிகை இருந்தது; இவர்களுக்கு ஊரே இல்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு அவர்களுக்குப் பெயரிட்டது. அவர்களோ விட்டு வந்ததையே தாயகமாக எண்ணினர். சென்னைத் துறைமுகத்தின் அருகே எழுந்த பர்மா பஜார் அவர்கள் வாழ வழி தேடியதன் அடையாளம். மனம் ஒன்றாத சிலர், விட்டு வந்த நாட்டிற்கே தரைவழியாக மீளப் புறப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் தங்கினர். அங்கே இன்றும் தமிழர் கோயில் உண்டு, தமிழும் உண்டு. இரண்டு நாடுகளுக்கும் இடைப்பட்ட வாயிற்படியிலே ஒரு மக்கட்கூட்டம் அமர்ந்துவிட்டது.

பர்மாவை விட்டுப் போகாதவர்களின் வழித்தோன்றல்கள் மௌல்மேன், பெகு முதலிய வட்டாரங்களில் இன்றும் வாழ்கின்றனர். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களையே படிநிலைகளாகப் பிரித்ததால், பிறந்த மண்ணிலும் தம் முன்னோர் வரவை எழுத்தால் நிறுவ வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

பிற நாடுகளின் சான்று

இது பர்மாவுக்கு மட்டும் உரிய கதையன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் நகரில் ஒரே தெருவில் இருவகைத் தமிழர் வாழ்ந்தனர். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தோருள், 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அரசுப் பணியும் வாக்குரிமையும் பெற்றனர். அருகிலே கடை வைத்திருந்த நகரத்தார் ஆங்கிலேயக் குடிகள்; அவர்கள் செல்வத்தில் மிக்கவராயினும் அந்நாட்டில் அயலாரே. மொழியும் கோயிலும் ஒன்றாயிருந்தும், கையிலிருந்த தாள் இருவரையும் வேறாக்கியது. அத்தாளும் பிரெஞ்சு ஆட்சி நின்ற வரைதான் பயன்பட்டது.

இலங்கை மலைநாட்டில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. அங்கே தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்ட லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் தம் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்கிழந்து நின்றனர். 1964இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் செய்துகொண்ட உடன்பாடு 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எங்கே வாழ விருப்பம் என்று அவர்களைக் கேட்டு அத்தொகைகள் வகுக்கப்படவில்லை. எஞ்சியோர்க்கும் முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

மலாயாவிலும் ஒரு பாடம் உண்டு. 1957இல் விடுதலை வந்தபோது குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆயினும், என்றேனும் ஊர் திரும்புவோம் என்ற நினைப்பாலும், எழுத்தறிவின்மையாலும், எடுத்துச் சொல்வார் இன்மையாலும் பலர் விண்ணப்பிக்கவில்லை. 1969இல் குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர், பால்மரக் காட்டில் முப்பது ஆண்டு உழைத்தபின்னும் கப்பலேற நேர்ந்தது. பிள்ளைகள் குடிமக்கள், பெற்றோர் அயலார். ஒரு குடும்பம் ஒரே வீட்டில் இரு நாட்டினராகப் பிரிந்தது.

அதே மலாயாவில் இதற்கு மாறான முயற்சியும் நிகழ்ந்தது. ஐரோப்பிய உரிமையாளர் தோட்டங்களைத் துண்டாடி விற்று வெளியேறிய காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாகப் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. 24 இலட்சம் ஏக்கர் பெற்றும் அம்மண்ணில் வேரூன்றாத பர்மாக் கடைக்காரரையும், பத்து வெள்ளி, இருபது வெள்ளி சேர்த்துத் தாம் பால்வெட்டிய மண்ணிலேயே பங்கு கொண்ட இத்தொழிலாளரையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். முன்னவருக்கு நிலம் கடனுக்கு ஈடாக வந்த சுமை. பின்னவருக்கு அது வாழுமிடம்.

முடிபு

இவ்வரலாறுகளால் பெறப்படுவன யாவை? அயல்நாட்டு வாழ்வின் பெருங்கேடு தொலைவும் அன்று, உழைப்பின் கடுமையும் அன்று. ஒருவன் ஈட்டியதும் அவன் இருப்பும் பிறர் தரும் இசைவின் மேல் நிற்பதே அதன் பெருங்கேடு. இசைவு தந்த ஆட்சி மாறலாம், எல்லைக்கோடு மாறலாம், சட்டம் மாறலாம். அப்போது செல்வன் தன் பத்திரத்தோடும், ஏழை தன் மூட்டையோடும் ஒரே துறைமுகத்தில் நிற்கின்றனர். செல்வனுக்குத் திரும்ப ஓர் ஊரேனும் உண்டு. ஏழைக்கு அதுவும் இல்லை.

இக்கேட்டைப் பெருக்குவது இரண்டு கரைகளிலும் கால் வைத்து நிற்கும் மனநிலை. வாழும் நாட்டின் மொழியை வணிகத்திற்கு வேண்டிய அளவே கற்பதும், அண்டையாரோடு கொடுக்கல் வாங்கல் தவிர வேறு உறவு கொள்ளாமையும், பதிவுத்தாளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளுவதும் நல்ல காலத்தில் குற்றமாகத் தோன்றுவதில்லை. வேரூன்றியவர் யாவரும் தப்பினர் என்றும் சொல்ல முடியாது. இலங்கைத் தொழிலாளர் வேரூன்றியும் பெயர்க்கப்பட்டனர். எனினும் அவர்களும் இழந்தது எழுத்துச் சான்று இன்மையாலேயே என்பது மறக்கத்தக்கதன்று.

இது பழங்கதை என ஒதுக்குவார் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையும், மணப்பதிவு செய்யாத பெற்றோரும் இந்நாட்டுத் தமிழரிடையே இன்னும் உள்ளனர். ஆசிரியர் பொருள்வயிற் பிரிவைப் பாடமாக நடத்தும்போது தலைவியின் துயரோடு நின்றுவிடாது, சென்றவனின் கதையையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். வகுப்பில் சான்றிதழ் இல்லாத பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதன் பெற்றோரை அழைத்துப் பதிவகத்துக்கு வழிகாட்டுதல் அப்பாடத்தின் பயன் ஆகும்.